சத்தி ரோட்டு லைட் பட்டறை: எட்டு ஸ்கூல் பஸ், மூன்று வருஷக் கணக்கு

கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. கோபிச்செட்டிபாளையத்திலிருந்து சத்தியமங்கலம் போகிற சத்தி ரோட்டில் கரட்டடிபாளையம் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் ஒரு எடை மேடை, அதை ஒட்டி ஒரு பேக்கரி, பேக்கரிக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் தகரக் கொட்டகை. கொட்டகை விட்டத்தில் பழைய டெயில் லைட் மூடிகளைக் கம்பியில் கோத்துத் தொங்கவிட்டிருப்பார்கள். சிவப்பும் மஞ்சளுமாக மாரியம்மன் நோம்பித் தோரணம் மாதிரி இருக்கும். அதுதான் அடையாளம். கரும்பு லாரிக்காரர்களிடம் கேட்டால் "லைட் பட்டறைங்களா?" என்று கை காட்டிவிடுவார்கள்.

நான் மெக்கானிக் இல்லை. ஒரு மெட்ரிக் பள்ளி அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவள். மூன்று வருஷத்துக்கு முன்னால் டிரான்ஸ்போர்ட் பார்த்துக்கொண்டிருந்த சார் வேலையை விட்டுப் போனார். கரஸ்பாண்டென்ட் என்னைக் கூப்பிட்டு, "பஸ் சோலியையும் நீயே பாத்துக்கம்மா, டீசல் கணக்கு எப்படியும் உங்கிட்டத்தான வருது" என்றார். அன்றைக்கு எட்டு பஸ் என் தலையில் ஏறியது. அதுவரைக்கும் பஸ்ஸின் பின்பக்கத்தில் எத்தனை லைட் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்ததே இல்லை. இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

எண்ணத் தெரியாவிட்டாலும் பில் பார்க்கத் தெரியுமே. முதல் மாதமே ஒரு விஷயம் கண்ணை உறுத்தியது. நாலாம் நம்பர் பஸ்ஸுக்கு மட்டும் ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை 11 பல்பு. எல்லாமே பின்பக்கம், அதுவும் இடது பக்கம். பல்பு ஒன்று 30 ரூபாய்தான். ஆனால் மாட்ட வருகிறவருக்கு வண்டிச் செலவோடு ஒவ்வொரு தடவையும் 250. அவர் வருவார், லைட் மூடியைக் கழற்றுவார், புது பல்பை மாட்டுவார், எரியும். பத்து நாள் கழித்து ஆயாக்கா வந்து, "மேடம், இன்டிகேட்டர் மறுக்காவும் எரியலீங்க" என்பார். அவர் மறுபடி வருவார். கேட்டால், "ரோடு குண்டும் குழியுமா இருக்குதுங்க மேடம், பல்பு தாங்காது" என்று பதில். அதே ரோட்டில்தான் ஐந்தாம் நம்பரும் ஓடுகிறது. அதற்கு மூன்று மாதத்தில் ஒரு பல்பு கூட வாங்கவில்லை.

டிரைவர் அண்ணன்தான் இந்தப் பட்டறைக்குப் போகலாம் என்றார். முன்னால் லாரி ஓட்டியவர், அந்தப் பழக்கம். ஒரு சனிக்கிழமை நானும் கூடவே போனேன்.

மேஸ்திரிக்கு அறுபது வயது இருக்கும். காக்கி அரைக்கை சட்டை, காதில் செருகிய டெஸ்டர். பஸ்ஸைச் சுற்றிப் பார்க்கக்கூட இல்லை. முதல் கேள்வியே, "கழட்டுன பல்பெல்லாம் எங்கீங்க அம்மிணி?" என்பதுதான். எனக்கு விளங்கவில்லை. குப்பையில் போட்டிருப்பார்கள் என்றேன். டிரைவர் அண்ணன் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து நீட்டினார். உள்ளே ஏழு பல்பு. மனுஷர் எதையும் தூக்கிப் போட மாட்டார், பழைய பேனா ரீபிள் வரைக்கும் சேர்த்து வைப்பவர்.

மேஸ்திரி பெஞ்சில் இரண்டு பேட்டரியைச் சேர்த்துக் கட்டி வைத்திருந்தார். எங்கள் பஸ்ஸுக்கெல்லாம் 24 வோல்ட், அதனால் 12 வோல்ட் பேட்டரி இரண்டு. பாட்டிலிலிருந்து ஒவ்வொரு பல்பாக எடுத்து, பித்தளைப் பக்கத்தை ஒரு ஒயரிலும் அடிப் பொட்டை இன்னொரு ஒயரிலும் வைத்தார். முதல் பல்பு பளீரென்று எரிந்தது. இரண்டாவதும் எரிந்தது. ஏழும் எரிந்தது. நான் அங்கேயே நின்று மனசுக்குள் கூட்டினேன்: ஏழு பல்பு, ஏழு தடவை 250.

"பல்பு மேல ஒரு குத்தமும் இல்லீங்க" என்று சொல்லிவிட்டு, டிரைவரை ஏறச் சொன்னார். "பிரேக்க மிதிச்சுப் புடிங்க." மிதித்தார். பிரேக் லைட் மங்கலாக எரிந்தது. கூடவே, யாரும் போடாத இன்டிகேட்டரும் லேசாகச் சிவந்து எரிந்தது. "இப்ப பார்க்கிங் லைட்டும் இன்டிகேட்டரும் போடுங்க." இன்டிகேட்டர் மின்னும்போதெல்லாம் பக்கத்திலிருந்த டெயில் லைட் அணைந்து அணைந்து எரிந்தது, கண்ணடிக்கிற மாதிரி.

எனக்குப் புரியட்டும் என்று அவர் சொன்ன விளக்கம் இது: "கரண்டு லைட்டுக்குப் போறதுக்கு வழி இருக்குதுங்க. திரும்பி வாரதுக்கு வழி இல்லீங்க. ஒரம்பரையா விருந்துக்கு வந்தவங்க, ஊருக்குத் திரும்பிப் போக பஸ் இல்லைன்னா பக்கத்து ஊட்டுத் திண்ணைல போய்ப் படுத்துக்குவாங்கல்லங்க? அதாட்ட, பிரேக் லைட்டு கரண்டு இன்டிகேட்டர் வழியாப் பூந்து போகப் பாக்குது." கரண்ட் திரும்பி வருகிற வழிதான் எர்த், எர்த் கோளாறு என்று இதற்குப் பெயர். பள்ளியில் ஃபிசிக்ஸ் டீச்சரிடம் சொன்னேன், சிரித்துவிட்டு, "சரியாத்தான் சொல்லியிருக்காரு" என்றார்.

எங்கள் பஸ்களுக்கு பாடி கட்டியது கரூரில். ஹாரன் ரூட்ஸ், மீட்டர் பிரிக்கால், இரண்டும் கோயமுத்தூர் கம்பெனி. அடிச்சட்டமான சேஸ் மட்டும்தான் வெளியிலிருந்து வந்தது, மிச்சமெல்லாம் நம்ம பக்கத்துச் சாமான் என்று எங்கள் டிரைவர்களுக்கு ஒரு பெருமை உண்டு. நாலாம் நம்பரின் பின்பக்கம் ஃபைபர் பேனல். தகரமாக இருந்தால் லைட் பாடியிலேயே எர்த் ஆகும், ஃபைபரில் ஆகாது. அதற்கென்று தனியாக ஒரு கறுப்பு ஒயர் இறங்கி, பின்சக்கரத்துக்கு மேலே சேஸில் ஒரு போல்ட்டில் முடுக்கியிருக்கும். சேறும் தண்ணியும் அடிக்கிற இடம். வாட்டர் சர்வீஸ்காரர் பைப்பைப் பிடிக்கிறதும் அங்கேதான்.

மேஸ்திரி கோணிச் சாக்கை விரித்துப் படுத்து உள்ளே போனார். வண்டியை ஸ்டார்ட்டில் விட்டு, பிரேக்கை மிதிக்கச் சொல்லி, மீட்டரின் ஒரு முனையை லைட்டின் எர்த்திலும் இன்னொன்றைப் பேட்டரியின் நெகட்டிவிலும் வைத்தார். "நல்லா இருந்தா இதுல அரை வோல்ட் கூடக் காட்டப்படாதுங்க" என்றார். காட்டியது ஆறு. அப்புறம் மீட்டரைக் கீழே வைத்துவிட்டுப் புறங்கையை அந்த போல்ட்டின் மேல் வைத்துப் பார்த்தார். "தொட்டுப் பாருங்க, சுடுது." நான் சாக்கில் படுக்கிற ஆள் இல்லை, இருந்தாலும் கையை நீட்டித் தொட்டேன். டீ கிளாஸ் சூடு இருந்தது.

போல்ட்டைக் கழற்றினால், ஒயர் முனையில் மாட்டுகிற வளையமான தம்பிளுக்கும் சேஸுக்கும் நடுவில் பச்சையாகக் களிம்பு, அதற்கு அடியில் செதில் செதிலாகத் துரு. ஒயரின் ரப்பரைக் கீறிப் பார்த்தால் உள்ளேயும் இரண்டு அங்குலத்துக்குச் செம்பு கறுத்துப் போயிருந்தது. கறுத்த வரைக்கும் வெட்டி எறிந்தார். புதுத் தம்பிளை நசுக்கி ஏற்றி, ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டினார். சேஸில் அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து வெள்ளையாக்கினார். ஸ்டார் வாஷர் வைத்து முடுக்கி, மேலே கிரீஸ் தடவினார். மறுபடி மீட்டர்: 0.2. பிரேக் லைட் எரிந்த எரியில் பின்னால் நின்ற பையன் கண்ணைச் சுருக்கினான்.

பல்புக்கு வரும் வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் முப்பது சதவீதம் போல குறைந்துவிடும். எங்களுக்கோ, வண்டி ஸ்டார்ட்டில் இருக்கும்போது வருகிற 28 வோல்ட்டில் 6 போயிருந்தது, ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். ஆக, பாதி வெளிச்சம் கூட இல்லாத பிரேக் லைட்டோடு அந்த வண்டி மூன்று மாதம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறது. பல்பு மாற்றும்போதெல்லாம் ஹோல்டரையும் ஒயரையும் அசைப்பார்கள், எங்கேயோ கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும், பத்து நாள் எரியும். அதைத்தான் நாங்கள் ரிப்பேர் என்று நினைத்துக் காசு கொடுத்துக்கொண்டிருந்தோம்.

கூலி, ஒயர், தம்பிள் எல்லாம் சேர்த்து 350 ரூபாய் வாங்கினார். ஏழு பல்பையும் பாட்டிலில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். இந்த மூன்று வருஷத்தில் அந்தப் பஸ்ஸின் பின் இடது பக்கத்துக்கு இரண்டு பல்பு மாற்றியிருக்கிறோம், இரண்டும் அந்த ஹார்லிக்ஸ் பாட்டிலிலிருந்துதான்.

இரண்டாம் நம்பர் பஸ் கதை நேர் எதிர். அதில் பல்பு நிஜமாகவே கருகிப் போகும். ஹெட்லைட், டெயில் லைட் எதுவும் தப்பாது. மேஸ்திரி லைட் பக்கமே போகவில்லை, "பேட்டரித் தண்ணி சீக்கிரமா வத்துதா?" என்று டிரைவரைக் கேட்டார். வாரா வாரம் ஊற்றுகிறோம் என்றார் டிரைவர். பேட்டரியில் மீட்டரை வைத்தால், ஓட்டத்தில் 30 வோல்ட்டைத் தாண்டி நின்றது. 28 சுற்றி இருக்க வேண்டியது. வோல்ட் இருபதில் ஒரு பங்கு கூடினாலே பல்பின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். டைனமோ வேலை தன் வேலை இல்லை என்று சொல்லிப் பக்கத்துப் பட்டறைக்கு அனுப்பினார், தன் கூலி என்று ஒன்றுமே வாங்கவில்லை. டைனமோவின் வோல்ட்டைக் கட்டுப்படுத்துகிற ரெகுலேட்டரை மாற்றியதும் சரியாகிவிட்டது.

இங்கே கணக்குக்காரியாக ஒன்று சொல்ல வேண்டும். ஸ்கூல் பஸ் இன்டிகேட்டரும் லாரி இன்டிகேட்டரும் ஒன்றில்லை. நாலாம் நம்பருக்கு 31 ஸ்டாப். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நான்கு பக்கமும் மின்னுகிற ஹசார்டைப் போட்டுத்தான் பிள்ளைகளை ஏற்றி இறக்க வேண்டும் என்று நாங்கள் வைத்திருக்கிறோம். ஸ்டாப்புக்கு 40 நொடி என்று வைத்தாலும், காலையும் மாலையும் சேர்த்து ஒரு நாளைக்கு 41 நிமிஷம். இன்டிகேட்டர் நிமிஷத்துக்கு 60-லிருந்து 120 தடவைக்குள் மின்ன வேண்டும் என்பது விதி. 90 என்று எடுத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு மூவாயிரத்து அறுநூறு தடவைக்கு மேல் அந்தப் பல்பு அணைந்து எரிகிறது. அதை மின்ன வைக்கிற பிளாஷரும் அத்தனை தடவை அடிக்கிறது. இந்தக் கணக்கைச் சொன்னதும் மேஸ்திரி கொஞ்ச நேரம் யோசித்தார். அதிலிருந்து எங்கள் வண்டிகளுக்கு மட்டும் மலிவு பிளாஷர் போடுவதில்லை, 450 ரூபாய் ஐட்டம்தான்.

என் நாத்தனார் மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். அங்கே ஸ்கூல் பஸ் கூரையில் முதலில் மஞ்சள் லைட் மின்னுமாம், நின்றதும் சிவப்பு மின்னுமாம், பக்கத்திலிருந்து 'ஸ்டாப்' பலகை ஒன்று கை மாதிரி நீளுமாம். நடுவில் தடுப்பில்லாத ரோடு என்றால் எதிரே வருகிற வண்டி கூட நின்றே ஆக வேண்டும், அது சட்டம். அவள் வீடியோ காலில் காட்டினாள். இங்கே சத்தி ரோட்டில் எங்களுக்கு இருப்பது ஹசார்டும் ஆயாக்காவின் கையும்தான். அந்த ஹசார்டும் ஒரு பக்கம் எரியாவிட்டால், பின்னால் வருகிறவன் பஸ் ஏதோ ஒரு பக்கம் திரும்புகிறது என்று நினைத்து மறுபக்கம் ஏறி வருவான். பிள்ளை இறங்குகிற பக்கமாகவே வருவான்.

ஆறாம் நம்பரில் நடந்தது இன்னும் பயம். அது எங்களுக்கே தெரியவில்லை. பின்னால் புல்லட்டில் வந்த ஒரு பெற்றோர் ஆபீசுக்கு வந்து, "ஏனுங்க, உங்க ஆறாம் நம்பர் பஸ் பிரேக் போடறதே தெரியறதில்லீங்களே, ரெண்டு தடவ முட்டப் பாத்தேன்" என்றார். உடனே பஸ்ஸை நிறுத்தி, டிரைவரை மிதிக்கச் சொல்லிப் பார்த்தேன். நன்றாக எரிந்தது. அவர் தப்பாகப் பார்த்திருப்பார் என்று விட்டிருப்பேன், ஆனால் மனசு கேட்கவில்லை. பட்டறைக்கு அனுப்பினேன். மேஸ்திரி டிரைவரிடம், "நீங்க ரோட்ல எப்படி மிதிப்பீங்களோ அப்படி மிதிங்க" என்றிருக்கிறார். அந்த டிரைவர் கால் மெத்தென்று இருக்கும், பிள்ளைகள் முன்சீட்டில் முட்டாமல் மெதுவாக அணைத்து நிறுத்துகிறவர். அப்படி மிதித்தால் லைட் வரவில்லை. ஓங்கி மிதித்தால்தான் வருகிறது. ஏர் பிரேக் வண்டியில் பிரேக் லைட் சுவிட்ச், காற்று அழுத்தத்தில் வேலை செய்கிறது. அது உள்ளே தேய்ந்து, அதிக அழுத்தம் வந்தால்தான் ஒட்டும் என்று ஆகியிருக்கிறது. எங்களிடம் இருக்கிறவர்களிலேயே நிதானமான டிரைவர், அவர் வண்டிக்குத்தான் பிரேக் லைட் இல்லை. சுவிட்ச் மாற்ற அரைமணி நேரம், 600 ரூபாய் சொச்சம்.

டிரைவர் தன் பிரேக் லைட்டைத் தானே பார்க்க முடியாது. அதனால் இப்போது காலை 6:20-க்கு வண்டி கிளம்பும் முன் ஆயாக்கா பின்னால் நிற்பார், டிரைவர் ஒரு தடவை மெதுவாக, ஒரு தடவை அழுத்தி மிதிப்பார். அப்புறம் இடது, வலது, ஹசார்ட், ரிவர்ஸ், நம்பர் பிளேட் லைட். மார்கழியில் பங்களாபுதூர்ப் பக்கம் பனி இறங்கியிருக்கும்போது இதைப் பார்க்க அழகாகக் கூட இருக்கும், எட்டு பஸ்ஸும் வரிசையாக மின்னும். மேலே நாலு மூலையிலும் இருக்கிற சின்ன மார்க்கர் லைட்டை மட்டும் யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. அதற்காகவே டைரியில் ஒரு கட்டம் போட்டிருக்கிறேன்.

பட்டறையில் கற்றுக்கொண்ட இன்னொன்று இரட்டைப் பொட்டு பல்பு. பிரேக்கும் டெயிலும் ஒரே பல்பில் இரண்டு இழையாக இருக்கும். 21 வாட் இழை பிரேக்குக்கு, 5 வாட் டெயிலுக்கு. பித்தளையில் பக்கத்துக்கு ஒன்றாக இருக்கிற இரண்டு குமிழும் ஒரே உயரத்தில் இருக்காது, ஒன்று மேலே, ஒன்று கீழே. மாற்றிப் போடக் கூடாது என்பதற்குத்தான் அப்படி. எங்கள் ஆள் ஒருவர் அவசரத்தில் திருப்பி வைத்து அமுக்கி ஏற்றிவிட்டார். ராத்திரி முழுக்க பிரேக் இழை எரிந்துகொண்டே போனது. பிரேக் மிதித்தால் 5 வாட் கூடியது யாருக்குத் தெரியும்? மேஸ்திரி திட்டவில்லை. ஒரு பழைய ஹோல்டரையும் பல்பையும் என் கையில் கொடுத்து, "அம்மிணி, நீங்களே கண்ண மூடிட்டு மாட்டுங்க, கை சொல்லும்" என்றார். மூன்றாவது தடவை சரியாக விழுந்தது. ஹெட்லைட் பல்பை மட்டும் கண்ணாடியைத் தொடாமல் துணியால் பிடிக்க வேண்டும். கை எண்ணெய் பட்ட இடம் அதிகமாகச் சூடேறிப் பல்பு சீக்கிரம் போய்விடும்.

இனி குறைகள். ஐந்து நட்சத்திரம் கொடுக்க முடியாததற்குக் காரணம் இருக்கிறது.

முதலாவது, பில். அவர் பில் தர மாட்டார். கேட்டால் தினசரி காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் எழுதிக் கொடுப்பார். 'எர்த்து 1, சுச்சு 1, கூலி' என்று இருக்கும். முன்பக்கம் ராகுகாலம் எமகண்டம். ஆடிட்டர் அதைப் பார்த்து என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். இப்போது சாமானை நாங்களே கோபியில் பில்லோடு வாங்கிக் கொடுக்கிறோம், கூலிக்கு மட்டும் வவுச்சர். இதில் எனக்கு அரை நாள் அலைச்சல் கூடுதல்.

இரண்டாவது, போன். எடுக்க மாட்டார். கையில் கிரீஸ் என்பார். பாரியூர் குண்டம் திருவிழாவுக்கு நாலு நாள், பண்ணாரி குண்டத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு அமாவாசைக்கும் ஒரு நாள் கடை இல்லை. முன்கூட்டிச் சொல்லவும் மாட்டார். ஒரு தடவை பஸ்ஸை எடுத்துக்கொண்டு போய்ப் பூட்டிய கொட்டகையைப் பார்த்துவிட்டு வந்தோம்.

மூன்றாவது, எல்.இ.டி. இதில் அவருக்கும் எனக்கும் ஓரியாட்டமே நடந்தது. எல்.இ.டி என்றாலே ஆகாது அவருக்கு. "ஒரு பொட்டு போனா முழு லைட்டையும் தூக்கிப் போடோணும். பல்புன்னா முப்பது ரூவாயோட போச்சு" என்பார். ஹெட்லைட்டைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரி. எச்4 என்கிற இழை பல்புக்காகச் செய்த ரிஃப்ளெக்டரில் எல்.இ.டியைச் செருகினால், பழைய இழை இருந்த இடத்தில் வெளிச்சம் உட்காராது. எதிரே வருகிறவன் கண்ணில்தான் அடிக்கும், நம்ம ரோட்டில் விழாது. இன்டிகேட்டருக்கும் அவர் பேச்சில் நியாயம் இருக்கிறது. பழைய பிளாஷரோடு எல்.இ.டி போட்டால் இழுக்கிற கரண்ட் குறைவு, பல்பு போய்விட்டது என்று பிளாஷர் நினைத்துக்கொண்டு படபடவென்று அடிக்கும். பிளாஷரையும் மாற்ற வேண்டும். ஆனால் மார்க்கர் லைட்டுக்கு அவர் சொல்வதை நான் ஏற்கவில்லை. ஏணி போட்டு ஏறி மாற்றுகிற இடம் அது, பல்பு போனால் வாரக்கணக்கில் யாரும் கவனிப்பதில்லை. மூன்று பஸ்ஸுக்கு மழைத்தண்ணீர் புகாத சீல் செய்த 24 வோல்ட் எல்.இ.டி மார்க்கர் வாங்கிக்கொண்டு போய் நீட்டினேன். முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் மாட்டினார். இரண்டு வருஷம் ஆகிறது, ஒன்றும் போகவில்லை. அவரிடம் சொன்னேன். "பாக்கலாமுங்க, இன்னும் காலம் கெடக்குது" என்றார்.

ஹெட்லைட் பாலிஷையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பிளாஸ்டிக் கண்ணாடி வெயிலில் மஞ்சளாகிப் போன இரண்டு பஸ்ஸுக்கு, ஜோடி 300 ரூபாய்க்கு ஈர உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பாலிஷ் பண்ணிக் கொடுத்தார். அன்றைக்குப் புதுசு மாதிரி இருந்தது. ஆறு மாதத்தில் பழையபடி மோர் நிறம். மேலே வெயில் தாங்குகிற பூச்சு எதுவும் அடிப்பதில்லை, அதுதான் காரணம். ஆய்வுக்குக் காட்டுகிற வாரத்துக்கு உதவும், அவ்வளவுதான். அடுத்த முறை லைட்டையே மாற்றிவிட்டேன்.

ஆய்வு என்றதும் ஞாபகம் வருகிறது. தமிழ்நாட்டில் பள்ளி வாகனங்களுக்கென்று 2012-ல் தனி விதிகள் வந்தன. அதிலிருந்து மே மாதம் என்றால் எல்லாப் பள்ளி பஸ்ஸும் வரிசையில் நிற்க வேண்டிய மாதம். அவசர வழிக் கதவு, முதலுதவிப் பெட்டி, தீயணைப்பான், ஸ்பீட் கவர்னர், கேமரா என்று பார்ப்பார்கள், லைட்டும் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் பட்டறைக்குப் போனால் நமக்கு முன்னால் இருபது மஞ்சள் பஸ் நிற்கும், மேஸ்திரியும் சாக்கில் படுத்து எர்த் தேடுகிற மனநிலையில் இருக்க மாட்டார். பரீட்சை முடிந்த கையோடு, ஏப்ரலிலேயே கொண்டுபோய்விட வேண்டும். ஆனால் அதோடு விடவும் கூடாது. லீவில் பஸ் புளியமரத்தடியில் ஒன்றரை மாதம் சும்மா நிற்கும். போன வருஷம் ஜூன் முதல் வாரத்தில் திறந்து பார்த்தால், ஏழாம் நம்பரின் பின் லைட்டில் அரை டம்ளர் தண்ணீர். அடியில் தண்ணீர் வடிகிற சின்ன ஓட்டையைக் குளவி மண்ணால் அடைத்துக் கூடு கட்டியிருந்தது. எட்டாம் நம்பரில் எலி. கியர் பாக்ஸுக்கு மேலே போகிற ரிவர்ஸ் லைட் ஒயரை மட்டும் பார்த்துப் பார்த்துக் கடித்திருந்தது. ஒயரைச் சேர்த்து மேலே வரி வரியான பிளாஸ்டிக் பைப் மாட்டினார் மேஸ்திரி. குளவிக் கூட்டை ஊக்கால் குத்தி எடுத்துவிட்டு, "பாவம், அதுக்கும் லீவுக்கு ஒரு ஊடு வேண்டாமா" என்றார்.

போகிறவர்களுக்குச் சில விவரம். காலை ஒன்பது மணிக்கு மேல்தான் திறப்பார், பொழுதோட ஆறு வரை இருப்பார். பெண்கள் உட்கார இடம் கிடையாது, பேக்கரியில் உட்கார்ந்துகொள்ளலாம். தேங்காய் பன் நன்றாக இருக்கும், டீ சுமார். எர்த், பிளாஷர், சுவிட்ச் மாதிரி வேலையென்றால் வண்டிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாது. முழு ஒயரிங் என்றால் இரண்டு நாள் சொல்வார், நாலு நாள் ஆகும். ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன், மிச்சம் ஒன்று காலண்டர் தாளுக்குப் போகிறது.

வண்டியை ஓட்டுகிற டிரைவரே கூட வர வேண்டும். வேறு யாராவது ஓட்டிக்கொண்டு போனால், "அவரக் கூட்டிட்டு வாங்க" என்று வண்டியைத் தொடாமலே திருப்பி அனுப்பிவிடுவார். கழற்றிய பழைய பல்பு இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள்.